கிளப் போட்டிகளில் ஹேண்டிகேப் திருத்தங்கள் நியாயமானவையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளப் கோல்ஃப் போட்டியில் பரிசளிப்பு முடிந்த கையோடு ஒரு முணுமுணுப்பு எழுவது வழக்கம். திறன் குறைந்தவரும் தேர்ந்தவரோடு சமமாக மோதும்படி தரப்படும் சலுகை அடிகளின் (ஸ்ட்ரோக்குகளின்) எண்ணிக்கையே ஹேண்டிகேப்; அடித்த மொத்தம் கிராஸ், அதிலிருந்து ஹேண்டிகேப்பைக் கழித்தால் நெட். "நெட் 61 அடித்தவருக்கு இருபத்தாறு ஸ்ட்ரோக்கா?" என்று ஒருவர் கேட்பார், "ஒரே ஒரு நாள் நன்றாக ஆடியதற்கு என் ஹேண்டிகேப்பை வெட்டிவிட்டார்கள்" என்று இன்னொருவர் குறைபடுவார். சில ஆண்டுகள் ஹேண்டிகேப் கமிட்டியில் இருந்தபோது, திரும்பத் திரும்ப எதிர்கொண்ட கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். எண்களும் வரம்புகளும் உலக ஹேண்டிகேப் முறைக்கு உரியவை. அமெரிக்க கோல்ஃப் சங்கமும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் சேர்ந்து, அதுவரை வெவ்வேறு நாடுகளில் தனித்தனியே இருந்த ஆறு முறைகளை ஒன்றாக்கி 2020-இல் அதைக் கொண்டுவந்தன. 2024-இல் சில விதிகளைத் திருத்தின.

என் ஹேண்டிகேப் என்பது நான் வழக்கமாக அடிக்கும் ஸ்கோரின் சராசரிதானே?

இல்லை. கிளப்பில் எழும் மனக்கசப்புகளில் பாதி இந்தத் தவறான எண்ணத்திலிருந்துதான் பிறக்கிறது. கடைசி இருபது சுற்றுகளில் மிகச் சிறந்த எட்டின் சராசரிதான் ஹேண்டிகேப் இண்டெக்ஸ்; மீதிப் பன்னிரண்டும் கணக்கிலேயே சேராது. ஆகவே நன்றாக ஆடும் நாளில் ஒருவரால் எவ்வளவு முடியும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறதே தவிர, சாதாரணமான ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் எவ்வளவு அடிப்பார் என்பதை அல்ல. ஹேண்டிகேப்புக்கு ஏற்றபடி ஆட முடியாத நாள்களே பெரும்பாலோருக்கு அதிகம். "மூன்று மாதமாக ஒரு முறைகூட என் ஹேண்டிகேப்பைத் தொடவில்லை, ஆகவே அது தவறு" என்று வாதிடுபவரிடம் இருபது ஸ்கோர்களையும் வரிசையாக எழுதிக் காட்டினால், அநேகமாக வாதம் அங்கேயே நின்றுவிடும்.

ஒரு சுற்றின் மதிப்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது?

ஒவ்வொரு மைதானத்துக்கும், அங்குள்ள ஒவ்வொரு டீக்கும் (முதல் அடியை அடிக்கும் இடத்துக்கும்) இரண்டு எண்கள் உண்டு. ஹேண்டிகேப் தேவையில்லாத அளவுக்குத் தேர்ந்த ஒருவர் அங்கே எவ்வளவு அடிப்பார் என்பதைச் சொல்வது கோர்ஸ் ரேட்டிங். அவரைவிடத் திறன் குறைந்த சாதாரண ஆட்டக்காரருக்கு அந்த மைதானம் எவ்வளவு கூடுதலாகக் கடினம் என்பதைச் சொல்வது ஸ்லோப் ரேட்டிங். ஸ்லோப் 55 முதல் 155 வரை இருக்கலாம். 113 என்பது நடுநிலை. உங்கள் ஸ்கோரிலிருந்து கோர்ஸ் ரேட்டிங்கைக் கழித்து, 113-ஆல் பெருக்கி, ஸ்லோப்பால் வகுத்தால் கிடைப்பதே அந்தச் சுற்றின் டிஃபரென்ஷியல். கோர்ஸ் ரேட்டிங் 71.2, ஸ்லோப் 126 உள்ள மைதானத்தில் 92 அடித்தால், மிகுதி 20.8, டிஃபரென்ஷியல் 18.7. கடினமான மைதானத்தில் அடித்த 92-ஐயும் எளிய மைதானத்தில் அடித்த 92-ஐயும் ஒரே தராசில் நிறுத்த முடிவது இதனால்தான்.

ஆனால் ஸ்கோர்கார்டில் உள்ள மொத்தம் அப்படியே எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. எந்தக் குழியிலும் பார் (அந்தக் குழிக்கு நிர்ணயித்த அடிகளின் எண்ணிக்கை), அதற்கு மேல் இரண்டு, அந்தக் குழியில் உங்களுக்குக் கிடைக்கும் ஸ்ட்ரோக் ஆகியவற்றின் கூட்டுத்தொகையே ஹேண்டிகேப் கணக்கில் உச்சவரம்பு. இதை நெட் டபுள் போகி என்பார்கள். பார் 4 குழியில் ஒரு ஸ்ட்ரோக் பெறுபவர் தண்ணீரில் இரண்டு பந்துகளைத் தொலைத்து 10 அடித்தால், மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளே போட்டியில் அது 10-தான்; ஹேண்டிகேப் கணக்கில் மட்டும் 7. ஒரு குழியில் நேர்ந்த விபத்து இண்டெக்ஸை ஊதிப் பெருக்கக் கூடாது என்பது முதல் நோக்கம். ஒரு குழியை வேண்டுமென்றே கெடுத்து இண்டெக்ஸை ஏற்றிக்கொள்ள நினைப்பவருக்கும் இதே வரம்பு குறுக்கே நிற்கும்.

நேற்று நன்றாகத்தான் ஆடினேன். ஆனாலும் இண்டெக்ஸ் ஏறிவிட்டது. இது எப்படி?

புதிய ஸ்கோர் ஒன்று உள்ளே வரும்போது மிகப் பழைய ஸ்கோர் ஒன்று வெளியே போகிறது. வெளியே போனது சிறந்த எட்டில் ஒன்றாக இருந்தால், அதுவரை ஒன்பதாம் இடத்தில் காத்திருந்த ஸ்கோர் எட்டுக்குள் வரும். வெளியேறியது 10.4 என்றும், அதன் இடத்துக்கு வந்தது 14.8 என்றும் வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் 4.4, அதை எட்டால் வகுத்தால் இண்டெக்ஸ் அரை ஸ்ட்ரோக்குக்குச் சற்று மேலாக ஏறியிருக்கும். நேற்றைய ஆட்டத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. மறுபுறம், படுமோசமாக ஆடிய பிறகும் எண் அசையாமல் இருக்கலாம். வெளியேறிய பழைய ஸ்கோரும் மோசமானதாக இருந்திருந்தால் அப்படித்தான் நடக்கும். யாரோ உட்கார்ந்து எண்ணை மாற்றுகிறார்கள் என்ற சந்தேகம் எழுந்தால், இருபது வரிப் பட்டியலை எடுத்துக் கடைசி வரியைப் பாருங்கள்.

அதிக ஹேண்டிகேப் உள்ளவர்களே நெட் பரிசுகளை அள்ளிச் செல்கிறார்கள். முறையே அவர்களுக்குச் சாதகமாக இருக்கிறதா?

பெரிய களத்தில் ஓரளவு உண்மைதான். இரண்டு பேர் மட்டும் மோதும்போது நிலைமை நேர்மாறு. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் நியாயத்தைப் பற்றிப் பேச முடியாது.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாமவருக்கு ஹேண்டிகேப் 6. அவருடைய இருபது சுற்றுகளில் மிகச் சிறந்தது 3, மிக மோசமானது 11. சராசரி ஏறக்குறைய 8. இரண்டாமவருக்கு 26. அவருடைய சிறந்த சுற்று 18, மோசமானது 40. சராசரி 31-ஐ ஒட்டி இருக்கும். இருவரும் வழக்கமான ஆட்டத்தை ஆடும் நாளில் முதலாமவர் தம் ஹேண்டிகேப்பைவிட 2 அதிகமாகவும், இரண்டாமவர் 5 அதிகமாகவும் அடிப்பார்கள், வெற்றி முதலாமவருக்கே. ஆனால் இருவரும் தத்தம் வாழ்நாளின் நல்ல நாளைப் பெற்றால், முதலாமவர் தம் ஹேண்டிகேப்பை 3-ஆல் வெல்வார், இரண்டாமவர் 8-ஆல் வெல்வார். அறுபது பேர் ஆடும் களத்தில் இரண்டாமவரைப் போன்றோர் இருபது பேர் இருந்தால், அவர்களில் யாரோ ஒருவருக்கு அன்று அந்த நாளாக இருக்கும். பரிசுப் பலகையில் நாம் பார்ப்பது அந்த ஒருவரின் பெயரை மட்டுமே. 40 அடித்துவிட்டுச் சத்தமில்லாமல் காரில் ஏறிப் போன பத்தொன்பது பேர் நம் கண்ணில் படுவதில்லை.

இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கத்தான் ஹேண்டிகேப் அலவன்ஸ் என்ற ஒன்று இருக்கிறது. தனிநபர் ஸ்ட்ரோக் பிளேயிலும், குழிக்குக் குழி புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்டிலும் கோர்ஸ் ஹேண்டிகேப்பில் (ஆடும் மைதானத்துக்கு ஏற்ப இண்டெக்ஸை மாற்றிக் கிடைக்கும் ஸ்ட்ரோக்குகளில்) 95 சதவீதம் மட்டுமே தரும்படி பரிந்துரை உள்ளது. 6 உள்ளவருக்கு 5.7, அதாவது முழு எண்ணாக்கினால் மீண்டும் 6. 26 உள்ளவருக்கு 24.7, அதாவது 25. 36 உள்ளவருக்கு 34. கழிவு அதிக ஹேண்டிகேப்காரர்களிடமிருந்துதான் போகிறது என்பதைக் கவனியுங்கள். முப்பது பேருக்கும் குறைவாக ஆடும் போட்டியில் முழு 100 சதவீதத்தையும் தரலாம் என்பதும் அதே பரிந்துரையின் பகுதி. களம் சிறியதாகும்போது ஒருவருக்கு அபூர்வமான நாள் வாய்க்கும் சாத்தியமும் குறைகிறது அல்லவா? பல கிளப்புகளில் பத்துப் பேர் கொண்ட சனிக்கிழமை ஆட்டத்துக்கும் 95-ஐயே பழக்கத்தால் போட்டுவிடுகிறார்கள்.

என் கருத்து, அலவன்ஸைவிடப் பிரிவுகளே மனக்கசப்பை நன்றாகத் தணிக்கும் என்பது. 12 வரை ஒரு பிரிவு, அதற்கு மேல் ஒரு பிரிவு என்று பரிசுகளைப் பிரித்து, கிராஸ் ஸ்கோருக்கும் தனியாக ஒரு பரிசு வைத்துவிட்டால், 4 ஹேண்டிகேப்காரரும் 28 ஹேண்டிகேப்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதில்லை.

அப்படியானால் குழிக்குக் குழி வெற்றியை எண்ணும் மேட்ச் பிளேயில் ஏன் எதையும் கழிப்பதில்லை?

இருவர் மட்டும் மோதும்போது குறைந்த ஹேண்டிகேப் உள்ளவருக்கே சற்றுச் சாதகம் என்பதை மேலே பார்த்தோம். அதில் மேலும் ஐந்து சதவீதத்தைக் கழித்தால் பலவீனமானவரை மீண்டும் ஒரு முறை அடிப்பதாகும். எனவே தனிநபர் மேட்ச் பிளேயில் வித்தியாசம் முழுவதும் தரப்படுகிறது. "எனக்கு எதிராக 18 ஸ்ட்ரோக்கா, முக்கால்வாசி கொடுத்தால் போதாதா" என்று பேரம் பேசும் பழைய ஆட்டக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பேரத்துக்கு எந்தக் கணக்கும் துணை நிற்காது. இருவர் அணியாக ஆடி, ஒவ்வொரு குழியிலும் இருவரில் சிறந்த ஸ்கோரை எடுத்துக்கொள்ளும் ஃபோர்பால் வேறு விஷயம்: ஒருவர் தவறும் குழியை மற்றவர் மீட்பதால், ஸ்ட்ரோக் பிளேயில் 85 சதவீதமும் மேட்ச் பிளேயில் 90 சதவீதமும் பரிந்துரைக்கப்படுகின்றன.

முதுகுவலியால் என் ஆட்டம் சரிந்துவிட்டது. இண்டெக்ஸ் மட்டும் மெதுவாக ஏறுகிறதே, இது நியாயமா?

இருபது ஸ்கோர்கள் சேர்ந்த பிறகு, முந்தைய 365 நாள்களில் உங்கள் மிகக் குறைந்த இண்டெக்ஸ் எதுவோ அதுவே அடிக்கல்லாக வைக்கப்படும். அதற்கு மேல் 3.0 வரை தடையின்றி ஏறலாம். அதைத் தாண்டிய ஏற்றம் பாதியாகக் குறைக்கப்படும். இது சாஃப்ட் கேப். எப்படி ஆடினாலும் 5.0-க்கு மேல் ஏற முடியாது. இது ஹார்டு கேப். அடிக்கல் 12.0, கணக்கின்படி வர வேண்டியது 17.0 என்றால், 3.0-ஐத் தாண்டிய 2.0-இல் பாதி வெட்டப்பட்டு 16.0 கிடைக்கும். 17.0-ஐத் தொட வேண்டுமானால் கணக்கு 19.0 காட்ட வேண்டும்.

பெரும்பாலோருக்கு இது நல்ல காவல். இரண்டு மாதம் கவனமின்றி ஆடிவிட்டு, பெரிய போட்டிக்கு முன் எண்ணை வீங்கவைத்துக்கொண்டு வருபவரைத் தடுப்பது இதுதான். ஆனால் உண்மையாகவே உடல் நலிந்தவருக்கு இது அநியாயமாகிவிடும் என்பதை மறுக்க முடியாது. ஒரு காலத்தில் 9 ஆடியவர், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு 18 ஆடும் நிலையில், ஓராண்டுக்கு 14-உடன் திண்டாடலாம். அத்தகையவருக்காகவே கமிட்டி தலையிட்டு இந்த வரம்புகளை நீக்கி எண்ணை உயர்த்த இடம் இருக்கிறது.  நீங்களாகப் போய்க் கேளுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு ஓராண்டு முழுவதும் கடைசியாக வந்துகொண்டிருந்த ஒரு மூத்த உறுப்பினரை நான் அறிவேன்; அவர் கேட்டிருந்தால் ஒரே கூட்டத்தில் முடிந்திருக்கும்.

ஒரு நாள் நன்றாக ஆடினால் தண்டனையா?

இண்டெக்ஸைவிட 7.0 அல்லது அதற்கு மேல் குறைவான டிஃபரென்ஷியல் வந்தால் கூடுதலாக 1.0 குறைக்கப்படும், 10.0 அல்லது அதற்கு மேல் என்றால் 2.0. இந்தக் குறைப்பு கடைசி இருபது டிஃபரென்ஷியல்கள் ஒவ்வொன்றின் மீதும் வைக்கப்படுகிறது. 15.2 உள்ளவர் ஒரு நாள் 7.8 ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிறந்த எட்டிலிருந்து 17.0 ஒன்று விலகி அதன் இடத்தில் 7.8 வந்தால், அதுவே இண்டெக்ஸை 14-ஐ ஒட்டிக் கொண்டுவரும், மேற்கொண்டு 1.0 கழிந்து ஏறக்குறைய 13-இல் நிற்கும்.

தண்டனை என்று இதைப் பார்ப்பது இயல்பு. ஆனால் 7 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஆடுவது தற்செயலாக எளிதில் நடப்பதல்ல. ஒன்று, அவர் வேகமாக முன்னேறிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது பழைய எண் உண்மையைச் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். இரண்டிலும் எண் சீக்கிரம் இறங்குவதே மற்றவர்களுக்கு நியாயம். அன்று நடந்தது வெறும் அதிர்ஷ்டமே என்றால் அதற்கும் மருந்து முறையிலேயே இருக்கிறது: அடுத்தடுத்து வரும் புதிய ஸ்கோர்கள் மீது இந்தக் கழிவு இல்லாததால், அவை சேரச் சேரக் குறைப்பின் பாரம் தானாகவே கரைந்துவிடும். பாதிக்கப்பட்டவரின் ஆட்டம் உண்மையைக் காட்டவில்லை என்று கமிட்டி கருதினால் குறைப்பை ரத்தும் செய்யலாம்.

எங்கள் கிளப்பில் வெற்றி பெற்றவருக்கு உடனே இரண்டு ஸ்ட்ரோக் வெட்டுகிறார்கள். இது சரியா?

சரியல்ல என்பதே என் முடிவு. வென்றவர் எவ்வளவு ஆடினார் என்பது ஏற்கெனவே ஸ்கோராகக் கணக்கில் சேர்ந்துவிட்டது. அதே ஆட்டத்துக்காக மறுபடியும் வெட்டுவது ஒரே கடனை இரண்டு முறை வசூலிப்பதாகும். மேலும், வெற்றி என்பது மற்றவர்கள் எப்படி ஆடினார்கள் என்பதையும் பொறுத்தது. எல்லோரும் காற்றில் தடுமாறிய நாளில் தம் ஹேண்டிகேப்புக்குச் சரியாக ஆடி வென்றவரிடம் வெட்டுவதற்கு என்ன இருக்கிறது? அதே வேளையில், தம் ஹேண்டிகேப்பைவிட 6 குறைவாக அடித்து இரண்டாம் இடம் வந்தவர் தப்பிவிடுகிறார். நண்பர்கள் குழுவாக ஆடும் சிறு ஆட்டங்களில், அந்த ஆட்டத்துக்குள் மட்டும் செல்லும் உள்விதியாக இதை வைத்துக்கொள்வது அவர்கள் விருப்பம். அதிகாரபூர்வமான இண்டெக்ஸில் கைவைப்பது வேறு.

வேண்டுமென்றே ஹேண்டிகேப்பை உயர்த்தி வைத்திருப்பவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

சாண்ட்பேகர் என்று சொல்லப்படுபவர் பெரும்பாலும் மைதானத்தில் பெரிய பொய் எதுவும் சொல்வதில்லை. பரிசுக்கான வாய்ப்பு போய்விட்டது என்று தெரிந்ததும், பதினேழாம் குழியில் குழிக்கு ஒன்றரை அடி தூரத்தில் நிற்கும் பந்தை ஒரு கையால் தட்டிவிட்டு, அது குழியைச் சுற்றிக்கொண்டு வெளியேறும்போது சிரித்துக்கொண்டே நடப்பார். நல்ல சாதாரணச் சுற்று ஒன்றைப் பதிவு செய்ய மறந்துவிடுவார். மோசமான சுற்றை மட்டும் மறக்கவே மாட்டார். இதைத் தனித்தனியே நிரூபிப்பது கடினம். ஆனால் எண்கள் சேர்த்துப் பேசும்.

கமிட்டி முதலில் பார்க்க வேண்டியது, போட்டிச் சுற்றுகளின் சராசரிக்கும் சாதாரணச் சுற்றுகளின் சராசரிக்கும் உள்ள இடைவெளியை. பரிசு இருக்கும் நாளில் மட்டும் ஒருவர் தொடர்ந்து நான்கு, ஐந்து ஸ்ட்ரோக் சிறப்பாக ஆடினால், அது கேட்கப்பட வேண்டிய கேள்வி. அடுத்து, அவர் ஆடிய சுற்றுகளின் எண்ணிக்கையையும் பதிவான சுற்றுகளின் எண்ணிக்கையையும் டீ நேரப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். பரிசுக்கு ஆசைப்படாமல் பெருமைக்காகக் குறைந்த ஹேண்டிகேப்பைக் கட்டிக் காப்பவரும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. அவரால் பாதிக்கப்படுவது அவருடன் ஃபோர்பால் ஆடும் கூட்டாளி.

ஆதாரம் கிடைத்தால் கமிட்டி இண்டெக்ஸைக் குறைக்கலாம், உயர்த்தலாம், குறிப்பிட்ட காலத்துக்கு உறையவைக்கலாம். பதிவு செய்யாத சுற்றுக்குத் தண்டனை ஸ்கோர் போடலாம். முற்றினால் இண்டெக்ஸையே திரும்பப் பெறலாம். கையால் செய்யும் திருத்தம் குறைந்தது 1.0 ஆக இருக்க வேண்டும், 0.3, 0.4 என்று சீண்டிப் பார்க்கும் திருத்தங்களுக்கு இடமில்லை. முக்கியமாக, எண்ணை மாற்றும் முன் அந்த ஆட்டக்காரருக்குத் தெரிவித்து, அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும். மதுக்கூடப் பேச்சை வைத்து எண்ணை வெட்டும் கமிட்டி, தான் தடுக்க வந்த அநியாயத்தைத் தானே செய்கிறது.

புயல் காற்றில் ஆடிய சுற்றும் அமைதியான நாளின் சுற்றும் ஒன்றா?

இல்லை. ஒரு மைதானத்தில் அன்று பதிவான எல்லா ஸ்கோர்களையும் எதிர்பார்ப்போடு ஒப்பிட்டு, −1 முதல் +3 வரை ஒரு திருத்தம் தானாகக் கணக்கிடப்படுகிறது. இதற்கு இண்டெக்ஸ் 36.0 அல்லது அதற்குக் குறைவாக உள்ளவர்களின் ஸ்கோர்கள் எட்டாவது வேண்டும். அன்றே ஸ்கோரைப் பதிவு செய்யுங்கள் என்று கமிட்டி நச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்று நாள் கழித்து வரும் கார்டு அன்றைய கணக்கில் சேராது.

வெவ்வேறு டீக்களிலிருந்து ஆடுபவர்கள் ஒரே போட்டியில் நியாயமாக மோத முடியுமா?

முடியும். கோர்ஸ் ஹேண்டிகேப்பைக் கணக்கிடும்போதே, இண்டெக்ஸை ஸ்லோப்புக்கு ஏற்ப மாற்றியபின், கோர்ஸ் ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசமும் சேர்க்கப்படுகிறது. இரண்டு டீக்களின் பார் வேறுபட்டால் மட்டுமே மேற்கொண்டு திருத்தம் தேவைப்படும்.

புதிதாகச் சேர்ந்தவர் மூன்று கார்டுகளோடு வந்து முதல் போட்டியிலேயே வென்றுவிட்டார். இதற்கு என்ன செய்வது?

இண்டெக்ஸ் பெற 54 குழிகளுக்கான ஸ்கோர் போதும். அதிகபட்ச இண்டெக்ஸ் 54.0. மூன்று ஸ்கோர்கள் மட்டும் இருக்கும்போது அவற்றில் சிறந்ததை எடுத்து, அதிலிருந்து மேலும் 2.0 குறைத்துத் தருகிறார்கள். 31.4, 34.0, 36.2 ஆடியவருக்கு 29.4. புதியவர் வேகமாக முன்னேறுவார் என்ற முன்னெச்சரிக்கை அது. ஆனால் வாரம் நான்கு நாள் பயிற்சி எடுப்பவரின் வேகத்துக்கு அந்த 2.0 ஈடுகொடுக்காது.

போட்டி நடத்துபவர்களுக்கு இங்கே உரிமை இருக்கிறது. குறைந்தபட்சம் இத்தனை கார்டுகள் இருந்தால்தான் முதல் பரிசுக்குத் தகுதி என்றோ, இத்தனை ஸ்ட்ரோக்குக்கு மேல் எவருக்கும் இல்லை என்றோ போட்டி விதிகளில் முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடலாம். ஒட்டாமல் விட்டுவிட்டு, புதியவர் வென்ற பிறகு மேடையில் வைத்து விதியைக் கண்டுபிடிப்பதுதான் கூடாது. அப்படி ஒரு பரிசளிப்பை நான் பார்த்திருக்கிறேன். கோப்பையைக் கையில் வாங்கிய பெண்மணி அதை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார், அடுத்த ஆண்டு உறுப்பினராகத் தொடரவில்லை.

என் இண்டெக்ஸைக் கமிட்டி திருத்திவிட்டது, எனக்கு உடன்பாடில்லை. எப்படி முறையிடுவது?

"எல்லோரும் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள்" என்று தொடங்காதீர்கள். எந்தச் சுற்றுகளின் அடிப்படையில், எந்த விதியின் கீழ், எவ்வளவு காலத்துக்கு இந்தத் திருத்தம் என்பதை எழுத்தில் கேளுங்கள். கிடைத்த பதிலை உங்கள் இருபது ஸ்கோர்களோடு ஒப்பிடுங்கள். கணக்கில் வராத காயம், நோய், நீண்ட இடைவெளி, தவறாகப் பதிவான டீ போன்றவை இருந்தால் தேதியோடு குறிப்பிடுங்கள். உங்களுடன் ஆடியவர்களில் இருவர் அந்தச் சுற்றுகளை உறுதிப்படுத்தினால் இன்னும் நல்லது. கிளப்பில் தீர்வு கிடைக்காவிட்டால், உங்கள் ஹேண்டிகேப்பை நிர்வகிக்கும் தேசிய அல்லது வட்டாரச் சங்கத்திடம் அதே காகிதங்களோடு போகலாம். இடைப்பட்ட காலத்தில் ஆடும் ஒவ்வொரு சுற்றையும், நல்லதோ கெட்டதோ, அன்றே பதிவு செய்துவிடுங்கள்; முறையீடு விசாரணைக்கு வரும் நாளில் கமிட்டி முதலில் விரித்துப் பார்க்கப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.